கேசட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு: ராஸ்பெரி பையில் பிபிசி மைக்ரோ

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எனக்குப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்த ஆசிரியர் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ஒரு ஆடியோ கேசட். அதன் மேல் பேனாவால் "கணக்கு வினாடி வினா, 1987" என்று எழுதியிருந்தது.

"இதில் பாட்டு இல்லைப்பா, புரோகிராம் இருக்கு. நானும் பசங்களும் சேர்ந்து எழுதினது. கடைசியில் எல்லார் பேரும் வரும். இப்ப அந்த பேட்ச் பசங்க ஒன்று கூடலாம் என்கிறார்கள். பாதிப் பேர் எனக்கு மறந்து போச்சு. இதைப் போட்டுப் பார்க்க வழி இருக்கா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம் சார்" என்று வாங்கி வந்தேன். அந்த கேசட்டைப் படிக்க வேண்டிய கம்ப்யூட்டர் இன்று கடைகளில் கிடையாது. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய போர்டு அந்தக் கம்ப்யூட்டராக நடிக்கும். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்து பார்க்கும் அளவுக்கு இது எளிது. அத்துடன், கம்ப்யூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இதைவிட எளிதாகப் புரிந்து கொள்ள வேறு வழி இல்லை என்றே சொல்வேன்.

நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ

இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம், மக்களுக்குத் தொலைக்காட்சி வழியாகக் கம்ப்யூட்டர் கற்றுத்தர ஒரு திட்டம் வகுத்தது. அதற்காக கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஏகார்ன் நிறுவனம் தயாரித்ததுதான் பிபிசி மைக்ரோ. 1981 டிசம்பரில் வெளியானது. இதன் மாடல் பி என்ற வகையில் 32 கே.பி. ராம் மெமரி இருந்தது. பிராசசர் 6502. வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். ஹார்ட் டிஸ்க் கிடையாது, மவுஸ் கிடையாது. ஸ்விட்ச் போட்டதும் "பீப்" என்ற ஒலியுடன் பேசிக் மொழி தயாராக நிற்கும்.

இந்தியாவில் 1984-85ல் மத்திய அரசு "கிளாஸ்" என்ற பெயரில் பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தப் பள்ளிகளுக்குத் தரப்பட்டது இந்த பிபிசி மைக்ரோதான். பின்னர் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ், இதே கம்ப்யூட்டரை இந்தியாவிலேயே தயாரித்தும் தந்தது. இந்தியாவில் பள்ளி வகுப்பறையில் முதன்முதலாகக் கீபோர்டைத் தொட்ட தலைமுறையில் பலருக்கு அது பிபிசி மைக்ரோவின் கீபோர்டுதான்.

சார் அப்போது இளம் ஆசிரியர். 1987 என்றால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த ஆண்டு. ஊரே கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தபோது, மாலையில் பள்ளி முடிந்த பிறகு இவரும் மாணவர்களும் 32 கே.பி. மெமரிக்குள் வாய்ப்பாட்டை அடைத்துக் கொண்டிருந்திருக்கிறார்கள்.

எமுலேட்டர் என்றால் என்ன?

ஸ்ரீரங்கம் கோயிலில் அரையர் சேவை பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முத்துக்குறி நடக்கும்போது ஒரே அரையர்தான் மகளாகவும், தாயாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் அபிநயிப்பார். ஆள் ஒருவர், பாத்திரங்கள் வேறு வேறு. எமுலேட்டரும் இப்படித்தான். இருப்பது உங்கள் கம்ப்யூட்டர் ஒன்று. ஒரு சாப்ட்வேர் அதை வேறொரு கம்ப்யூட்டராக நடிக்க வைக்கிறது. அந்த சாப்ட்வேரின் பெயர்தான் எமுலேட்டர்.

உள்ளே நடப்பது இதுதான். 6502 பிராசசர் 65,536 மெமரி அறைகளைக் கையாளும். அதாவது 64 கே.பி. பிபிசி மைக்ரோவில் இதில் பாதி, 32 கே.பி., ராம். 16 கே.பி. பேசிக் மொழிக்கான ரோம். மீதி 16 கே.பி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கான ரோம். எமுலேட்டர் உங்கள் கம்ப்யூட்டரின் மெமரியில் 65,536 அறைகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கிக் கொள்கிறது. பிறகு ஒவ்வொரு அறையாகப் படிக்கிறது. ஓர் அறையில் 169 என்ற எண் இருந்தால், 6502 பிராசசருக்கு அதன் பொருள் "அடுத்த அறையில் உள்ள எண்ணை எடுத்து உன் கையில் வைத்துக் கொள்" என்பது. எமுலேட்டர் அந்த எண்ணை எடுத்து, "கை" என்று தான் குறித்து வைத்துள்ள இடத்தில் எழுதுகிறது. அடுத்த கட்டளைக்குப் போகிறது. இப்படி விநாடிக்குப் பல லட்சம் முறை நடக்கிறது.

ஓடிக் கொண்டிருக்கும் பழைய புரோகிராமுக்குத் தான் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறோம் என்பது தெரியவே தெரியாது. அது கேட்கும் ஒவ்வொன்றுக்கும் பிபிசி மைக்ரோ என்ன பதில் சொல்லுமோ அதே பதில் கிடைக்கிறது.

பலரும் கேட்கும் கேள்வி, "இத்தனை வேலையையும் செய்தால் வேகம் குறையாதா?" என்பது. குறையும். ஆனால் பழைய பிராசசர் விநாடிக்கு 20 லட்சம் துடிப்புகளில் ஓடியது. இன்றைய சிறிய போர்டு 100 கோடி துடிப்புகளில் ஓடுகிறது. பழையதின் ஒரு துடிப்புக்கு நம் கையில் 500 துடிப்புகள் உள்ளன. உண்மையில் எமுலேட்டர் தன்னைத்தானே தடுத்து நிறுத்தி மெதுவாக ஓட வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் விளையாட்டு புரோகிராம்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முடிந்துவிடும்.

ஏன் ராஸ்பெரி பை?

ராஸ்பெரி பை என்பது ஒரே போர்டில் பிராசசர், மெமரி, மானிட்டர் இணைப்பு, யுஎஸ்பி எல்லாம் அடங்கிய மலிவு விலைக் கம்ப்யூட்டர். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போதைய மாடல் பி விலை 35 டாலர். அந்த முதல் போர்டிலேயே 256 எம்.பி. மெமரி இருந்தது. பிபிசி மைக்ரோ மாடல் பி போல 8,192 மடங்கு!

இந்த இரண்டுக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் ஒரு புதிய பிராசசரை வடிவமைத்தனர். 1985 ஏப்ரலில் அதன் முதல் சிப் வேலை செய்தது. அதுதான் ஆர்ம் பிராசசர். அதைச் சோதிக்க அவர்கள் பயன்படுத்தியது பிபிசி மைக்ரோவைத்தான். இன்று உங்கள் மொபைல் போனிலும் ராஸ்பெரி பையிலும் இருப்பது அந்த ஆர்ம் வம்சம். ராஸ்பெரி பையும் கேம்பிரிட்ஜில் பிறந்ததே. மாடல் ஏ, மாடல் பி என்று அதற்குப் பெயர் வைத்ததும் பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான். ஆக, பேரன் தாத்தா வேடம் போடுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பைசா செலவில்லாமல் முதல் சோதனை

எந்தப் பொருளும் வாங்கும் முன், உங்களிடம் இப்போது உள்ள கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் போர்டு வாங்கலாம்.

ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் பிரவுசரிலேயே இயங்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். தேடுதளத்தில் அதன் பெயரை ஆங்கிலத்தில் தந்து தேடினால் கிடைக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிரந்தரமாக வைத்துக் கொள்ள பீப்எம் என்ற இலவச எமுலேட்டர் உள்ளது. இரண்டில் எதைத் திறந்தாலும் கறுப்புத் திரையில் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்றும், கீழே > என்ற அடையாளமும் தோன்றும்.

இப்போது ஒரு சிறிய புரோகிராம். தமிழ் எழுத்தில் உள்ள சொற்களை ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் டைப் செய்திடுங்கள். சிறிய எழுத்தில் தந்தால் பிபிசி பேசிக் ஏற்றுக் கொள்ளாது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தட்டவும்.

10 ஏ = ஆர்என்டி(12)
20 பி = ஆர்என்டி(12)
30 பிரிண்ட் ஏ, " * ", பி
40 இன்புட் சி
50 இஃப் சி = ஏ * பி தென் பிரிண்ட் "சரி" எல்ஸ் பிரிண்ட் "தவறு"
60 கோ-டூ 10

ஏ, பி, சி மூன்றும் ஆங்கில எழுத்துகள். கோ-டூ என்பதை இடையில் கோடு இல்லாமல் ஒரே சொல்லாக டைப் செய்யவும். "சரி", "தவறு" என்பதையும் ஆங்கில எழுத்திலேயே தாருங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. முடிந்ததும் "ரன்" என டைப் செய்து என்டர் தட்டினால் வாய்ப்பாட்டுக் கேள்விகள் வரத் தொடங்கும். ஆர்என்டி(12) என்பது 1 முதல் 12 வரை ஏதாவது ஓர் எண்ணைத் தரும். நிறுத்த எஸ்கேப் கீயை அழுத்தவும்.

டைப் செய்கையில் ஒரு குழப்பம் வரும். பிபிசி மைக்ரோவின் கீபோர்டில் சில அடையாளங்களுக்கு இடம் வேறு. இரட்டை மேற்கோள் குறி ஷிப்ட் 2ல் இருக்கும். நட்சத்திரக் குறி, ஷிப்ட்டுடன் முக்கால்புள்ளி கீயை அழுத்தினால் வரும். கம்ப்யூட்டரை மீண்டும் தொடங்க வைக்கும் பிரேக் கீக்குப் பதிலாக எப்12 கீயைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு சோதனை. "மோட் 7" என டைப் செய்து என்டர் தட்டவும். திரை காலியாகும். இப்போது கீழே உள்ளதை அப்படியே டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

?32244=65

திரையின் நடுவில் ஆங்கில ஏ எழுத்து முளைத்திருக்கும். என்ன நடந்தது? மோட் 7ல் திரையில் வரிக்கு 40 எழுத்துகள், மொத்தம் 25 வரிகள். இந்த 1,000 எழுத்துகளும் மெமரியில் 31744 என்ற அறையிலிருந்து வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அதிலிருந்து 500 அறைகள் தள்ளி 65 என்ற எண்ணை நாம் நேராக வைத்தோம். 65 என்பது ஏ எழுத்தின் குறியீடு. திரை என்பதும் மெமரியின் ஒரு பகுதிதான் என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. இன்றைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இப்படி நினைத்த இடத்தில் கை வைக்க ஆப்பரேட்டிங் சிஸ்டம் அனுமதிக்காது. இந்தப் பழைய கம்ப்யூட்டரில் எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கின்றன. தவறாக ஏதாவது செய்துவிட்டால்? எப்12 தட்டினால் போதும். எதுவும் கெட்டுப் போகாது.

என்னென்ன வாங்க வேண்டும்?

பழைய கம்ப்யூட்டரைத் தனியாக ஒரு மேசையில் வைத்துக் கொள்ள விரும்பினால் இவை தேவை.

1. ராஸ்பெரி பை போர்டு. மலிவானது ஜீரோ 2 டபிள்யூ. 2021ல் வெளியானபோது அறிவிக்கப்பட்ட விலை 15 டாலர். வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து நம் ஊரில் கூடுதலாகும். விலை அடிக்கடி மாறுவதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து வாங்கவும். இதில் மெமரி 512 எம்.பி. மட்டுமே. எனவே பிரவுசர் வழியாக எமுலேட்டரை இயக்க விரும்பினால் 2 ஜி.பி. மெமரி கொண்ட ராஸ்பெரி பை 4 வாங்குவது நல்லது.

2. மைக்ரோ எஸ்டி கார்டு. 16 ஜி.பி. போதும். போலி கார்டுகள் நிறையப் புழங்குகின்றன. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

3. பவர் சப்ளை. பழைய மொபைல் சார்ஜரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் போதாவிட்டால் திரையில் மின்னல் அடையாளம் தோன்றும். கார்டில் உள்ள பைல்கள் கெட வாய்ப்புண்டு. போர்டுக்கு உரிய சப்ளையையே வாங்கவும்.

4. எச்டிஎம்ஐ கேபிள். ஜீரோவில் மினி எச்டிஎம்ஐ, பை 4ல் மைக்ரோ எச்டிஎம்ஐ. இரண்டும் வேறு வேறு அளவு. வீட்டு டிவியிலேயே இணைக்கலாம்.

5. யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ். ஏற்கனவே இருந்தால் அதுவே போதும்.

ராஸ்பெரி பையைத் தயார் செய்தல்

முதலில் உங்கள் வழக்கமான கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். எஸ்டி கார்டைச் செருகவும். இமேஜரைத் திறந்தால் மூன்று தேர்வுகள் கேட்கும். எந்த போர்டு, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்த கார்டு என்று. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ராஸ்பெரி பை ஓஎஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். போட்டோக்கள் உள்ள பென் டிரைவ் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். யூசர் நேம், பாஸ்வேர்டு, வைஃபை விபரங்களையும் இங்கேயே தரலாம்.

எழுதி முடிந்ததும் கார்டை போர்டில் செருகி, மானிட்டர், கீபோர்டு இணைத்து, கடைசியாக பவர் தாருங்கள். சில நிமிடங்களில் டெஸ்க்டாப் தோன்றும். இனி பிரவுசரைத் திறந்து ஜேஎஸ்பீப்பை இயக்கலாம்.

பிபிசி மைக்ரோ மட்டும்தான் என்றில்லை. சாப்ட்வேர் சேர்க்கும் பகுதியில் டாஸ்பாக்ஸ் எனத் தேடி இன்ஸ்டால் செய்தால் பழைய டாஸ் புரோகிராம்கள் ஓடும். பியூஸ் என்ற எமுலேட்டர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டராக நடிக்கும். புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் 1980களில் டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் இந்தியாவில் விற்றது அந்தக் கம்ப்யூட்டரைத்தான். பிபிசி பேசிக் மொழியில் மட்டும் புரோகிராம் எழுத ஆசை என்றால், ரிச்சர்ட் ரஸ்ஸல் எழுதிய பிபிசி பேசிக் புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், ராஸ்பெரி பை இரண்டுக்கும் பதிப்புகள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. எமுலேட்டர் எழுதுவதில் தவறில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டரின் ரோமில் உள்ள புரோகிராமுக்கும், அந்தக் கால விளையாட்டுகளுக்கும் உரிமையாளர்கள் உண்டு. பழையதாகிவிட்டதால் மட்டும் அவை பொதுச் சொத்து ஆகிவிடுவதில்லை. ஸ்பெக்ட்ரம் ரோமை எமுலேட்டருடன் சேர்த்துத் தர அதன் உரிமையாளரான ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் அனுமதி தந்தது. எல்லா நிறுவனங்களும் அப்படித் தரவில்லை. எதையும் டவுன்லோட் செய்யும் முன் அனுமதி உள்ளதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கேசட்டிலிருந்து பைலுக்கு

இனி சாரின் கேசட்டுக்கு வருவோம். அந்தக் காலத்தில் புரோகிராமை ஒலியாக மாற்றி சாதாரண டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார்கள். பிபிசி மைக்ரோ 0, 1 ஆகிய இரண்டையும் இரண்டு விசில் சத்தங்களாக மாற்றும். 0 என்றால் 1,200 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை. 1 என்றால் 2,400 ஹெர்ட்ஸ் ஒலியின் இரண்டு அலைகள். இரண்டுக்கும் ஆகும் நேரம் சமம். இப்படி விநாடிக்கு 1,200 பிட்கள். 8 கே.பி. புரோகிராம் ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஒலிதான் என்பதால் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற விசேஷக் கருவி தேவையில்லை. நான் செய்த முறை இது.

1. வேலை செய்யும் டேப் ரிக்கார்டர் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததில் பெல்ட் உருகி ஒட்டிப் போயிருந்தது. பெரியகடை வீதிப் பக்கம் பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொடுத்து மாற்றினேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஊரில் ஈரம் அதிகம். கேசட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். முதலில் சாதாரணப் பாட்டு கேசட் ஒன்றைப் போட்டு, நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

2. கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்து விடவும். அப்போதுதான் தவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது.

3. டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளைக் கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்குத் தரவும். ராஸ்பெரி பையில் ஒலி உள்ளே வரத் துளை கிடையாது. அதற்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று தேவைப்படும்.

4. ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் மோனோ, 44,100 ஹெர்ட்ஸ் எனத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யவும். ஒலி அளவு உச்சியில் முட்டக்கூடாது. வேவ் பைலாக சேவ் செய்யவும். எம்பி3 வேண்டாம், அது பைலைச் சுருக்க அலையின் வடிவத்தை மாற்றிவிடும். இரைச்சல் நீக்கும் வசதியையும் தொடாதீர்கள்.

5. இந்த வேவ் பைலை யுஇஎப் என்ற வகை பைலாக மாற்றவும். மேக்யுஇஎப் போன்ற புரோகிராம்கள் இதற்கு உள்ளன. ஒலியைக் கேட்டு 0, 1 என எழுதிக் கொள்வதுதான் இதன் வேலை.

6. ஜேஎஸ்பீப்பில் கேசட் மெனுவில் கிளிக் செய்து அந்த பைலைத் தரவும். பிறகு நட்சத்திரக் குறியுடன் "டேப்" என டைப் செய்து என்டர் தட்டவும். அடுத்து "லோட்" என்ற கட்டளையும் இரண்டு மேற்கோள் குறிகளும் தந்தால், தேடுகிறேன் என்ற செய்தி தோன்றி, புரோகிராம் ஏறத் தொடங்கும்.

ஒரு துண்டு மட்டும்

பிபிசி மைக்ரோ ஒரு புரோகிராமை 256 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துப் பதியும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. துண்டு சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. கணக்கு ஒத்துவராவிட்டால் "டேட்டா?" எனக் கேட்டு, டேப்பைச் சுற்றிவிடு என்று சொல்லி நின்றுவிடும்.

என் திரையில் இது மூன்று முறை வந்தது. 37 ஆண்டுகளுக்கு மேலான நாடா; ஆச்சரியமில்லை. ஆனால் சார் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அதே புரோகிராமை அதே பெயரில், கேசட்டில் இரண்டு முறை பதிந்து வைத்திருந்தார். முதல் பிரதியில் கெட்டுப்போன மூன்று துண்டுகளில் இரண்டு, இரண்டாம் பிரதியில் நன்றாகவே இருந்தன. வரிசை எண் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடிந்தது. மீதி ஒரு துண்டு இரண்டு பிரதிகளிலும் கெட்டிருந்தது. அந்த ஒரு துண்டில்தான் பெயர்ப் பட்டியலின் ஒரு பகுதி இருந்தது.

டேப் ரிக்கார்டரின் தலைக்கு அருகே ஒரு சிறிய திருகு இருக்கும். தலை நாடாவுக்கு நேராக நிற்கும்படி சரிசெய்வது அதுதான். பதிவு செய்த ரிக்கார்டரின் தலையும் நம்முடையதும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் கூர்மையான ஒலி மங்கிவிடும். கேசட்டை ஓட விட்டு, விசில் சத்தம் தெளிவாகக் கேட்கும் வரை அந்தத் திருகை மிக மெதுவாகத் திருப்பி, மறுபடி பதிவு செய்தேன். இந்த முறை சரிபார்ப்பு எண் அப்போதும் ஒத்துவரவில்லை. ஆனால் எழுத்துகள் பெரும்பாலும் படிக்கும்படி வந்துவிட்டன.

பிபிசி பேசிக்கில் பிரிண்ட் போன்ற கட்டளைச் சொற்கள் ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கி வைக்கப்படும். பிரிண்ட் என்றால் 241. ஆனால் பெயர்கள் போன்றவை எழுத்து எழுத்தாக அப்படியே இருக்கும். அதனால் அந்தத் துண்டை எண்ணும் எழுத்துமாகக் காட்டும் புரோகிராமில் திறந்து கண்ணாலேயே படிக்க முடிந்தது. அதில் இருந்த நான்கு பெயர்களில் மூன்று கிடைத்தன. நான்காவதில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. மீதி இடத்தில் அர்த்தமில்லாத குறிகள்.

கெட்டுப்போன கட்டளை வரியை நானே ஊகித்து எழுதிச் சேர்த்து, ராஸ்பெரி பையை எடுத்துக் கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். சார் வீட்டு டிவியில் இணைத்து "ரன்" தந்தேன். பீப் என்றது. முதல் கேள்வி வந்தது. சார் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு பதிலை டைப் செய்தார். பத்துக் கேள்விகளுக்கும் சரியாகச் சொன்ன பிறகு பெயர்கள் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "இவன் பெல்லில் சேர்ந்தான்... இந்தப் பெண் டீச்சர் ஆச்சு..." முதல் எழுத்து மட்டும் இருந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். "முகம் தெரியுதுப்பா, பேர் வரலை" என்றார். பட்டியலைப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்று கூடும் நாளில் மற்றவர்களிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம்

பழைய கம்ப்யூட்டரை எமுலேட்டரால் மீட்டுவிடலாம். எத்தனை ஆண்டு கழிந்தாலும் யாராவது ஒருவர் அந்த வடிவமைப்பைப் படித்து மறுபடி எழுதிவிட முடியும். ஆனால் நீங்கள் பதிந்து வைத்த தகவல் அழிந்தால் அதை எந்த எமுலேட்டராலும் கொண்டுவர முடியாது. சார் இரண்டு பிரதி எடுத்ததால் இரண்டு துண்டுகள் பிழைத்தன. மூன்றாவதாக வேறொரு கேசட்டில் ஒரு பிரதி இருந்திருந்தால் அந்தப் பெயரும் கிடைத்திருக்கலாம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். குடும்பப் போட்டோக்கள், சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகள், முக்கியக் கடிதங்கள் ஆகியவற்றை ஒரே போல்டரில் திரட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வீட்டுக்கு வெளியே வேறிடத்தில் ஒரு பிரதி என மூன்று வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பரணில் பிளாப்பி, சிடி, கேசட் என்று ஏதாவது இருந்தால் அதைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே காப்பி செய்துவிடுங்கள். இன்னும் பத்து ஆண்டு பொறுத்தால் கருவியும் இருக்காது, நாடாவும் இருக்காது.

அது முடிந்ததும் எமுலேட்டரைத் திறந்து, உங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, மேலே தந்துள்ள ஆறு வரிகளை அவர்களையே டைப் செய்யச் சொல்லுங்கள். ஏழாவது வரியை அவர்களே கேட்டு எழுதுவார்கள்.